ரீச்சரின் கொப்பிகள்

ரீச்சரின் தகனம் முடிந்து மயானத்திலிருந்து நாங்கள் யாழ்ப்பாணத்து உரும்பிராயிலுள்ள அவரது வீட்டுக்குத் திரும்பியபோது, பந்தல்காரர் கம்புகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருந்தார். பின்வளவில் ஆடுகள் விடாமல் கத்தின. அன்று விடியற்காலையிலிருந்து அவற்றுக்கு ஒருவரும் குழை போடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 2024 ஆம் ஆண்டின் பங்குனி வெயிலில் தண்ணீர்ச் சட்டியும் காய்ந்து கிடந்தது. வந்தவர்களுக்காக அயல்வீட்டில் சமைத்த சோறு ஒரு கிடாரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. பசியில் கிடக்கும் வாயில்லாச் சீவன்கள் என்று இரங்கி, அந்தச் சோற்றில் இரண்டு பெரிய சட்டி அள்ளி ஆடுகளின் முன் வைத்தவன் நான்தான்.

அன்றிரவே பால் மறி ஆடு படுத்துவிட்டது. இடது விலா உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கிடந்தது. மறுநாள் காலையில் வந்த மிருக வைத்தியர், என்ன கொடுத்தீர்கள் என்று முதலில் கேட்டார். சோறு என்றதும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு என்பதை 1984 இல் ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் படிப்பித்தவர் இதே ரீச்சர். பெரிதான முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் குழையையும் வைக்கோலையும் மெல்ல மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்பவை; பழக்கமில்லாத சோறு அங்கே மொத்தமாகப் போய் விழுந்தால், சில மணித்தியாலங்களிலேயே அமிலம் பெருகி, அந்த நுண்ணுயிர்களையும் அழித்து, ஆட்டையும் கொன்றுவிடக் கூடும். வைத்தியர் அப்பச்சோடாவைக் கரைத்துப் பருக்கி, ஊசியும் போட்டு, இரண்டு நாளைக்கு வைக்கோலும் தண்ணீரும் தவிர வேறொன்றும் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடு பிழைத்தது, பால் வற்றிவிட்டது. பரீட்சையில் சரியாக எழுதிய விடையை நாற்பது வருடம் கழித்து வளவுக்குள் மறந்துபோன மாணவனை ரீச்சர் என்ன செய்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு, கையை நீட்டச் சொல்லியிருப்பார்.

வளர்ப்பு மிருகங்கள் உள்ள வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், பந்தலுக்கும் பறைக்கும் ஆள் குறிப்பதுபோல அவற்றுக்கும் ஒருவரைக் குறித்துவிட வேண்டும். அந்த ஒருவர் அழாதவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த மிருகங்கள் முதல்நாள் வரை எதைத் தின்றன என்பதை அறிந்தவராக இருந்தால் போதும். செத்தவீட்டில் மிஞ்சும் சாப்பாடு ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாது. வெங்காயம் வதக்கிப் போட்ட கறி நாய்க்கும் ஆகாது. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும்.

ரீச்சர் 1946 இல் பிறந்தவர். வலிகாமத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்து, 2006 ஆடியில் ஓய்வு பெற்றார். மணம் முடிக்கவில்லை. தம்பியின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, ஓகஸ்ட் 11 ஆம் திகதி, முகமாலையில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. கடைகளில் மரக்கறியும் அரிசியும் சீனியும் அரிதாகிப்போன அந்த நாள்களில்தான், அதுவரை பூமரங்கள் மட்டும் நின்ற முன்வளவைக் கொத்தி அவர் கத்தரியும் பயிற்றையும் நட்டார். அவரது முதலாவது கொப்பி அங்கே தொடங்குகிறது.

கொப்பிகள் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின் அரிசிப் பெட்டகத்தைத் திறந்தபோது, பழைய மாணவர் பயிற்சிக் கொப்பிகள் பதினெட்டு, ஆண்டு வரிசையில், வேப்பிலை இடையிட்டு அடுக்கியிருந்தன. பத்தொன்பதாவது அவரது கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. பங்குனி 9 ஆம் திகதியோடு நின்றிருந்தது. நாட்குறிப்பு என்று அவற்றைச் சொல்ல முடியாது. தம் மனத்தைப் பற்றி அவர் ஓர் இடத்திலும் எழுதவில்லை. மழை பெய்த நாள், கிணற்றின் நீர்மட்டம், ஆடு குட்டி போட்ட நேரம், எந்த மரம் எப்போது பூத்தது, எந்தச் சேவல் கூவுவதை நிறுத்தியது என்பவையே பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. விலங்குகளிடம் அன்பு மிக்கவர் என்று ஊர் அவரைச் சொல்லும். அந்தச் சொல்லில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவர் ஆட்டைக் கொஞ்சி நான் கண்டதில்லை. பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் கண்டிருக்கிறேன். ஆடு அசைபோடத் தொடங்கும் வரை தாம் தேநீர் குடிக்க உட்காராதவர் அவர். அன்பு என்று எதைச் சொல்வதானாலும், அவரிடத்தில் அது பார்வையாகவும் கணக்காகவுமே இருந்தது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கொப்பியில் அவர் எழுதவில்லை. ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, சண்டை நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, ரீச்சர் வயதான தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள் நாவற்குழிப் பாலம் வரை உருட்டிக்கொண்டு போனவர். புறப்படுமுன் மாட்டையும் மூன்று ஆடுகளையும் அவிழ்த்துவிட ஓடினார். மழையில் நனைந்து இறுகிய முடிச்சு விரலுக்கு நெகிழவில்லை, கத்தி அகப்படவில்லை, தாய் வாசலில் நின்று கூப்பிட்டபடி இருந்தார். இரண்டு ஆடுகளை அவிழ்த்தார், மாட்டையும் அவிழ்த்தார். மூன்றாவது ஆட்டை அவிழ்க்க முடியவில்லை. 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது, கட்டையும் கயிறும் அப்படியே இருந்தன என்பதோடு அவர் பேச்சை நிறுத்தினார்.

அதன்பின் அவரது வளவில் எந்தக் கயிறும் கைம்முடிச்சாகக் கட்டப்பட்டதில்லை. ஆட்டின் கழுத்துப் பக்கம், இழுத்தாலும் இறுகாத கண்ணி. கட்டைப் பக்கம், ஒரே இழுவையில் அவிழும் முடிச்சு. சப்பாத்து நாடாவைக் கட்டும்போது ஒரு பக்கம் காது விடுவதுபோல, கயிற்றின் முனையை முழுதாக உள்ளே இழுக்காமல் மடித்துச் செருகிவிட வேண்டும். ஆடு எவ்வளவு இழுத்தாலும் முடிச்சு நிற்கும். முனையைப் பிடித்து நாம் இழுத்தால் ஒரு கணத்தில் கழன்றுவிடும். வெள்ளம், தீ, பாம்பு, குண்டு, எதுவானாலும் அந்த ஒரு கணம் போதும். சில ஆடுகள் அந்த முனையைப் பல்லால் கடித்து இழுக்கப் பழகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டுக்கு முனை எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். “தம்பி, கட்டத் தெரிஞ்சவனுக்கு முதல் அவிழ்க்கத் தெரியோணும்” என்று அவர் சொன்னபோது, எனக்கு அது ஆட்டுக் கயிற்றைப் பற்றிய பேச்சாகவே கேட்டது. இப்போதும் அப்படித்தான் கேட்கிறது.

முடிச்சுக்கு அவரது வளவில் இன்னொரு வேலையும் இருந்தது. கிணற்று வாளிக் கயிற்றில் முழத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில், இறைப்பதற்கு முன், வாளி நீரைத் தொடும் வரை விட்டு முடிச்சுகளை எண்ணிக் கொப்பியில் எழுதுவார். பதினெட்டு ஆண்டுக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மார்கழியில் ஏறிய நீர் ஆவணி வரை எப்படி இறங்குகிறது என்பதும், மாரி பொய்த்த ஆண்டுகளில் எந்த மாதத்திலிருந்து கையைச் சுருக்க வேண்டும் என்பதும் ஒரு படம்போலத் தெரிந்தன. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. அதுவும் கடல்நீரின் மேல் மிதப்பதுபோலத்தான் நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே கதை அளவில் சிறியதாகப் பல வீட்டுக் கிணறுகளிலும் உண்டு. மோட்டரைப் போட்டு நீண்ட நேரம் அடித்தால் கீழிருப்பது மேலே வரும். ரீச்சர் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்துத்தான் இறைப்பார். தண்ணீரை ஒரு முறை பரிசோதனைக்கும் கொடுத்திருக்கிறார். நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. உரம் அதிகம் போடும் தோட்டங்களை அண்டிய கிணறுகளில் இது மீறுவது எங்கள் பகுதியில் அறியப்பட்ட சங்கதி. “கொதிக்கவைத்தால் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும்” என்று கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, அதன் கீழே கைக்குழந்தை உள்ள அயல்வீடுகள் இரண்டைக் குறித்து வைத்திருந்தார். அந்த வீடுகளுக்கு அவரே போய்ச் சொன்னதாகப் பிறகு அறிந்தோம்.

இந்தக் கொப்பிகளை நாங்கள் முதல் வாரத்திலேயே கண்டிருந்தால் மாதுளை வெடித்திருக்காது. ரீச்சர் போன துக்கத்தில், மரங்களாவது வாடக்கூடாது என்று, ஒழுங்கையிலுள்ள பெடியள் எல்லோரும் குழாயைப் பிடித்து எல்லாவற்றுக்கும் ஒரேயளவாக வெள்ளம் விட்டார்கள். காய்ந்திருந்த மண்ணில் திடீரென்று நீர் பாய்ந்ததால், பாதி பழுத்திருந்த மாதுளைகள் நான்கைந்து நாளில் வாய் பிளந்துவிட்டன. மரத்துக்கு மரம் அவர் வெவ்வேறு முறை வைத்திருந்தார். கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்குப் பூக்கும் வரை ஒரு சொட்டும் இல்லை. மண் காய்வதுதான் அதைப் பூக்கவைக்கும். “மாம்பிஞ்சு கடலை அளவு, இனி வாரத்துக்கு ஒருதரம்” என்று பங்குனிப் பக்கங்களில் ஆண்டுதோறும் இருக்கிறது. நீரையும் அடிமரத்தில் ஊற்றுவதில்லை. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் குடைபோல விழும் வட்டத்தின் விளிம்பில் விடுவார், உண்ணும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. தென்னையைச் சுற்றிக் கிடங்கு வெட்டிப் பொச்சுமட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, அடுக்கித் தாழ்ப்பார். கறிவேப்பிலைக் கன்றுக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் பக்கத்தில் பழைய மண்முட்டிகளைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவிடுவார். முட்டி கசிந்து கசிந்து வேருக்குக் கொடுக்கும். வெளியூர் போகும் வீட்டார் இதைச் செய்துவிட்டுப் போனால் இரண்டு மூன்று நாள் கவலையில்லை.

மண்ணைப் பற்றிய பக்கங்கள் இன்னும் கூடுதல். உரும்பிராயின் செம்பாட்டு மண் நல்ல மண்தான், ஆனால் உக்கல் இல்லாவிட்டால் வெயிலில் செங்கல்லாகிவிடும். 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யூரியா கண்ணில் தெரியாது. மண்ணெண்ணெய்க்கே வழியில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம் அது. அப்போது ஊரார் எல்லோரும் பழைய முறைக்குத் திரும்பினார்கள்: பூவரசங்குழை, கிளிசரியாக்குழை, பனையோலை, ஆட்டுப் புழுக்கை. ரீச்சர் அந்த முறையைத் தடை நீங்கிய பின்னும் விடவில்லை. ஆனால் 2021 இல் நாடு முழுவதும் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சிலர் தோட்டக்காரருக்கு உபதேசம் செய்தபோது, அவருக்குக் கோபம் வந்தது. “எனக்கு ரெண்டு பரப்பு வளவு, ஓய்வூதியம் வருது. நூறு பரப்பு வெங்காயத்துக்குக் குழை எங்க இருக்கு? வேலியில இருக்கோ?” என்று கேட்டார். தாம் செய்வது வீட்டுத்தோட்டம், அது வேறு, வயிற்றுப்பிழைப்புக்குச் செய்யும் தோட்டம் வேறு என்பதில் அவருக்கு ஒருபோதும் மயக்கம் இருந்ததில்லை. அந்தத் தடை நவம்பரில் நீக்கப்பட்ட அன்று, கொப்பியில் ஆடு குட்டி போட்ட செய்திதான் இருக்கிறது.

பூச்சிக்கு அவர் அடித்தது வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டுமே. காய்ந்த கொட்டையை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சவர்க்காரத் தூள் ஒரு சிட்டிகை கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்தில் படும்படி அடிப்பார். வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும். வடித்ததை மறுநாளைக்கு வைத்திருக்கவும் கூடாது. விதைகளை ஹோர்லிக்ஸ் போத்தலில் அடுப்புச் சாம்பலோடு கலந்து, ஆண்டை எழுதி வைத்திருந்தார். பழைய விதையை நடுமுன் பத்தை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் முளைக்கும் எண்ணிக்கை உண்மையைச் சொல்லிவிடும். ஏழுக்குக் குறைந்தால் அந்தப் போத்தல் கோழிக்கு.

2022 டிசெம்பரில் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தபோது, ரீச்சரின் கொட்டிலில் ஒரு குட்டியும் சாகவில்லை. அது தெய்வச் செயல் என்று அயலார் சொன்னார்கள். முதல்நாள் பின்னேரமே வடக்குப் பக்கம் முழுவதும் சாக்குக் கட்டி, நிலத்தில் பலகை போட்டு, மேலே உலர்ந்த வைக்கோல் பரப்பியவர் அவர். நான்தான் ஏணி பிடித்தேன். காய்ந்த குளிரை ஆடு தாங்கும். உடல் நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால்தான் தாங்காது. இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வானிலை அறிவிப்பு உதவியது. 2008 நிஷாப் புயலின்போது இரண்டு குட்டிகளை இழந்த பக்கம் அதைவிட உதவியது.

சொக்கன் என்ற நாயைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஏனென்றால் நாயின் துக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் துக்கத்தைத்தான் எழுதுகிறார்கள். நடந்தது இதுதான்: சொக்கன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆளாளுக்கு இறைச்சியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வாயில் திணித்துப் பார்த்தார்கள். அது கட்டிலின் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. ரீச்சர் அதற்குச் சாப்பாடு வைக்கும் நேரம் காலை 7, மாலை 5. மூன்றாம் நாள் நான் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அதே அலுமினியக் கோப்பையில், அதே படிக்கட்டில், 5 மணிக்குச் சோறும் முள் நீக்கிய மீனும் வைத்துவிட்டு, பாராததுபோல இருந்தேன். பாதியைத் தின்றது. நாய் இரண்டு நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாவிட்டால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். அதற்கு முன் இடத்தையும் நேரத்தையும் பாத்திரத்தையும் மாற்றாமல் விட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் அந்தக் கோப்பையைத்தான் வைக்கிறோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கான கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கும் சிறுநூல், எழுதும் பொறுப்பும் என்மேல் விழுந்தது. தேவாரமும் வம்சாவளியும் திதி வெண்பாவும் வழமைபோல இருந்தன. நடுவில் நான்கு பக்கம், கொப்பிகளிலிருந்து மாதவாரியாகத் தொகுத்து, எந்த மாதம் எதை நடுவது, எதற்கு நீர் விடக்கூடாது, ஆட்டுக்கு எந்தக் குழை எவ்வளவு என்று சேர்த்தேன். இறந்தவரின் கல்வெட்டில் ஆட்டுப் புழுக்கை வரலாமா என்று உறவுக்காரர் ஒருவர் கடிந்துகொண்டார். லண்டனிலிருந்து வந்திருந்த மருமகள் அதைத் தீர்த்துவைத்தார்: இந்தக் கல்வெட்டில் மாமியின் எழுத்தாக இருப்பது அந்த நான்கு பக்கம் மட்டும்தானே என்றார். எல்லாக் கல்வெட்டும் அலுமாரிக்குப் போகும். இது சில வீடுகளில் குசினிக் கதவில் தொங்குவதைக் கண்டேன்.

கீரிமலையில் கிரியை முடிந்து வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்கள், நினைவாக ஒரு கன்று கொண்டுபோக விரும்பினார்கள். மறுக்க மனம் வரவில்லை. மல்லிகையிலும் மாதுளையிலும் தடி வெட்டிக் கொடுத்தேன்; சித்திரை வெயிலில் கிட்டத்தட்ட எல்லாமே கருகிவிட்டன, சிலர் எனக்கு அழுகுரலில் தொலைபேசி எடுத்தார்கள். பொறுத்திருந்து ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தவர்களுக்கு வைத்த தடிகளும், தேசியில் நான் கட்டிய பதியங்களும் வேர்விட்டுவிட்டன. கேட்டவுடன் கொடுக்காமல், பெயரை எழுதி வைத்து மாரிக்கு வரச் சொல்வதுதான் சரி. வளவை விற்பதா வைத்திருப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆடுகள் எங்கள் கொட்டிலில் நிற்கின்றன. மாதத்தின் முதலாம் திகதி நான் போய் முடிச்சுகளை எண்ணி, பத்தொன்பதாவது கொப்பியின் மிச்சப் பக்கங்களில் எழுதிவருகிறேன்.

சென்ற முறை எங்கள் ஒழுங்கைக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட வந்தார்கள். சொக்கனின் பழைய அட்டைகள் எல்லாவற்றையும் ரீச்சர் ஒரு நூலில் கோத்து வைத்திருந்தார், ஓராண்டும் தவறவில்லை. உத்தியோகத்தர் ஊசியைப் போட்டுவிட்டு, புதிய அட்டையை எடுத்து, “உரிமையாளர் ஆர்?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், சொக்கனைப் பிடித்துக்கொண்டிருந்த என் மகள் ரீச்சரின் பெயரைச் சொல்லிவிட்டாள். அவரும் எழுதிவிட்டார். விலாசத்தைக் கேட்டபோது எங்கள் வீட்டு இலக்கத்தைக் கொடுத்தேன்.